டோனாவூர் அம்மா: ஏமி கார்மைக்கேல்

சுங்கை வே தடையற்ற வாணிபப் பகுதியில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் என் தாயார் ஷிப்டு வேலை பார்த்தார். ஆதலால் என்னை வளர்த்தவர் பாட்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஞாயிறு பள்ளிக்கு அழைத்துச் சென்றவரும், இரவில் கதை சொல்லித் தூங்க வைத்தவரும் அவரே. பாட்டியின் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்தச் சீமையின் கதையாக அவர் அடிக்கடி சொன்னது டோனாவூர் அம்மாவின் கதை. கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமியைத் தம் மடியில் ஏந்திக்கொண்ட ஓர் அம்மாவைப் பற்றிய கதை அது.

சேலை கட்டியவர், தமிழ் பேசியவர், பிள்ளைகள் எல்லாரும் அம்மா என்று அழைத்தவர் என்றெல்லாம் பாட்டி சொன்னதால், அவர் நம்மைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண்மணி என்றே எண்ணியிருந்தேன். அவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்பது இடைநிலைப்பள்ளியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மையாரின் வாழ்க்கையை நம் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. ஒரு குழந்தையை நம்பிக்கையில் வளர்ப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது. அந்த விடை சமயம் கடந்து நம் எல்லாரையும் தொடக்கூடியது.

மில்லைல் சிறுமி

ஏமி கார்மைக்கேல் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில், கடலோரத்தில் அமைந்த மில்லைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை டேவிட் கார்மைக்கேல் மாவு ஆலை நடத்தியவர். பக்தியும் கண்டிப்பும் நிறைந்த பிரெஸ்பிட்டேரியன் குடும்பம் அது.

சிறுவயதில் ஏமிக்குத் தம் கண்களின் பழுப்பு நிறம் பிடிக்கவில்லையாம். தாயின் கண்களைப் போல நீல நிறக் கண்கள் வேண்டும் என்று ஓரிரவு வேண்டிக்கொண்டு படுத்தார். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது கண்கள் பழுப்பாகவே இருந்தன. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அன்று கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் சேலை உடுத்தி ஊருக்குள் சென்றபோது அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவின என்றும் சொல்லப்படுகிறது.

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பொருள் நிலை தளர்ந்தது. 1885ஆம் ஆண்டு தந்தை காலமானார். மூத்த மகளான ஏமி தம்பி தங்கையருக்கு இன்னொரு தாயானார். அக்காலத்தில் அந்நகரின் நெசவாலைகளில் ஏராளமான ஏழைப் பெண்கள் வேலை செய்தார்கள். தொப்பி வாங்கப் பணமில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அவர்களைக் கண்டு, மேட்டுக்குடியினர் ஆலயத்தில் முகம் சுளித்தார்கள். ஏமி அந்தப் பெண்களைக் கூட்டிச் சேர்த்தார். கூட்டம் பெருகவே, நன்கொடை பெற்று, 1889ஆம் ஆண்டு தகரத்தால் ஆன ஒரு மண்டபத்தை அவர்களுக்காக எழுப்பினார். அப்போது அவருக்கு வயது 21. நம்மில் பலர் பட்டப்படிப்பை முடிக்காத வயது அது!

கிமோனோவும் சேலையும்

1893ஆம் ஆண்டு அவர் சமயப் பணிக்காக ஜப்பானுக்குச் சென்றார். அங்கே நோயுற்ற ஒரு மூதாட்டியிடம் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூதாட்டியும் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் பார்வை ஏமியின் ரோமக் கையுறைகள் மீது விழுந்தது. அத்துடன் கவனம் சிதறிப் போயிற்று. அன்றிலிருந்து ஏமி மேனாட்டு உடையைக் களைந்து கிமோனோ அணியத் தொடங்கினார். தம் உடை தமக்கும் பிறருக்கும் இடையே சுவராக நிற்கக்கூடாது என்பது அவர் எடுத்த முடிவு.

உடல்நலம் கெட்டதால் சுமார் 15 மாதங்களில் ஜப்பானை விட்டு நீங்கினார். இலங்கையில் சில காலம் தங்கிவிட்டு நாடு திரும்பினார். 1895ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியா வந்து பெங்களூரில் சேர்ந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிக்கு வந்தார். அதன்பின் ஒருமுறைகூட அவர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. இந்தியாவில் அவர் வாழ்ந்த காலம் 55 ஆண்டுகள்.

திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் என்னும் போதகர் அவருக்குத் தமிழ் கற்பித்தார். அயலவர்க்கு எளிதில் வசப்படாத நம் மொழியை ஏமி விடாமுயற்சியோடு கற்றார். பொன்னம்மாள் என்ற இளம் விதவை உட்படத் தமிழ்ப் பெண்கள் சிலர் அவரோடு இணைந்தார்கள். நட்சத்திரக் கூட்டம் என்று பெயர் பெற்ற இக்குழு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றது. பெண்ணுக்கு நகையே மானம் என்று கருதப்பட்ட அந்நாளில், இப்பெண்கள் தம் நகைகளைத் தாமே கழற்றி வைத்தார்கள். ஊர் அவர்களைப் பித்தர்கள் என்று நினைத்திருக்கும். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏழு வயதுப் பிரீனா

1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த மாட்டு வண்டிப் பயணத்தை ஒரு சிறுமி நிறுத்தினாள்.

அவள் பெயர் பிரீனா. விதவையான அவளுடைய தாய், பெருங்குளத்தில் இருந்த கோயில் பெண்களிடம் அவளை ஒப்படைத்திருந்தார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்காக அவள் அங்கே வளர்க்கப்பட்டாள். ஒருமுறை தப்பித்து, ஏறக்குறைய 20 மைல் நடந்து தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடமே போனாள். தேடி வந்தவர்களிடம் தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தண்டனையாக அவளுடைய பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை தப்பியபோது பண்ணைவிளையில் ஆலயத்தின் அருகே ஒரு கிறித்துவப் பெண் அவளைக் கண்டார். மறுநாள் காலையில் ஏமியிடம் அழைத்து வந்தார். சிறுமி ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவரை அம்மா என்று அழைத்தாள். அன்று கிடைத்த அந்தப் பெயர் ஏமியின் கடைசி நாள் வரை நிலைத்தது.

கோயில் வீட்டில் தான் கண்டதையெல்லாம் அச்சிறுமி ஒரு துணிப் பொம்மையை வைத்து நடித்துக் காட்டினாளாம். அதைக் கண்ட பிறகு ஏமியால் சும்மா இருக்க இயலவில்லை. அத்தகைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேவதாசி முறையைப் பற்றி இன்று ஆராய்பவர்கள் அதன் பல முகங்களைக் காட்டுகிறார்கள். ஆடலையும் இசையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அப்பெண்கள் என்பதும், அவர்களுக்குச் சொத்துரிமை இருந்தது என்பதும் உண்மை. ஏமியின் தொடக்ககால நூல்கள் இந்து சமயத்தின் இருண்ட பக்கத்தையே பெரிதாகக் காட்டின என்ற குறையும் உண்டு. ஆனால் விவரம் தெரியாத ஒரு குழந்தையை அதன் விருப்பமின்றி அவ்வாழ்வுக்கு விடுவது கொடுமை என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. அதை எதிர்த்தவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையிலும் எழுத்திலும் போராடினார். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதைக் காண ஏமி உயிரோடு இருந்தார்.

கட்டப்பட்ட கால்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகில் உள்ள ஊர் டோனாவூர். அங்கே ஆலயம் எழுப்பப் பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. ஏமியும் பிள்ளைகளும் அங்கே நிலையாகக் குடியமர்ந்தார்கள். 1904ஆம் ஆண்டில் 17 பிள்ளைகள் இருந்தார்கள். 1913ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 130ஐ எட்டியது.

1904ஆம் ஆண்டு கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இல்லாத குழந்தைகளை மருத்துவ வசதியற்ற சிற்றூரில் காப்பது எளிதான செயலன்று. சில குழந்தைகள் இறந்தன. ஆதலால் நெய்யூர் மருத்துவமனையின் அருகில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. பொன்னம்மாள் அதன் பொறுப்பை ஏற்றார். குழந்தையின் மலத்துணியைத் துவைப்பது தாழ்ந்த வேலை, சாதி கெட்டுப்போகும் வேலை என்று எண்ணிய காலம் அது. பொன்னம்மாள் அந்த வேலையைத் தாமே முன்னின்று செய்தார். அவரைப் பார்த்தே மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். டோனாவூரில் சாதி ஒழிந்தது மேடைப் பேச்சால் அன்று. துணி துவைக்கும் கல்லில்தான்.

உடன் பணியாற்றிய மிஷனரிகள் சிலர் ஏமியைக் குறை கூறினார்கள். நாவன்மையும் எழுத்தாற்றலும் உள்ளவர் ஊர் ஊராகச் சென்று போதிக்காமல் ஆயா வேலை பார்ப்பதா என்பது அவர்கள் கேள்வி. ஏமிக்கே அந்த ஐயம் இருந்தது. பிள்ளைகள் தாயின் கால்களைக் கட்டிவிடும் என்று நம்மிடையே ஒரு சொலவடை உண்டு. அதை அவர் நன்கு அறிந்திருந்தார். தம் கால்கள் கட்டப்பட்டுவிட்டன என்பதும் அவருக்குத் தெரிந்தது. இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதை அவர் நினைத்துப் பார்த்தார். தலைவர் செய்த வேலை தமக்கு இழிவாகாது என்று தெளிந்தார். மாட்டு வண்டிப் பயணம் நின்றது. அவர் கால்கள் கட்டப்பட்டதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்.

பாடமும் வீடும்

டோனாவூரில் குழந்தைகளைக் கிறித்துவ நம்பிக்கையில் வளர்த்த முறை எப்படி இருந்தது? வேதபாடமும் செபமும் இருந்தன. ஆனால் அவற்றைவிடப் பெரிய பாடமாக அங்கே இருந்தது வீடு.

முதலில் உறவுமுறையைச் சொல்ல வேண்டும். அங்கே மேடம் என்றோ சார் என்றோ யாரும் இல்லை. ஏமி எல்லாருக்கும் அம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தமிழ்ப் பெண்கள் அக்காமார். கடல் கடந்து வந்து பணியாற்றிய வெள்ளைக்காரப் பெண்கள் சித்திமார். ஆண்கள் அண்ணாச்சிமார். திருநெல்வேலித் தமிழ் அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது என்றே சொல்லலாம். 1904ஆம் ஆண்டு ஏமியின் தாயார் அயர்லாந்திலிருந்து வந்து ஓராண்டுக்கு மேல் தங்கியபோது, பிள்ளைகளுக்குப் பாட்டியும் கிடைத்தார். இந்த அழைப்புகள் வெறும் பெயர்கள் அல்ல. சித்தி என்று அழைக்கப்பட்டவர் சித்தி செய்ய வேண்டியதைச் செய்தே ஆகவேண்டும்.

பிள்ளைகளை வெள்ளைக்காரப் பிள்ளைகளாக மாற்ற ஏமி முயலவில்லை. அவர்கள் உடுத்தியது தமிழர் உடை. உண்டது தமிழர் உணவு. பெரும்பாலோருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். நீ எங்கே, எப்போது பிறந்தாய் என்பதைக் காட்டிலும் நீ எங்களிடம் வந்தாய் என்பதே அங்கே மகிழ்ச்சிக்குக் காரணமாயிற்று.

தோட்ட வேலை, பாட்டு, விலங்குகளை வளர்த்தல் எல்லாம் கல்வியின் பகுதிகளாக இருந்தன. பிள்ளைகள் பாட ஏமியே பாடல்கள் எழுதினார். வெயில் காலத்தில் பிள்ளைகளை மலைக்காட்டுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள தடாகத்தில் நீந்தச் செய்தார். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளைக் கவனித்தார்கள். அவர்களே வளர்ந்து ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் ஆனார்கள். 1918ஆம் ஆண்டு முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் மருத்துவமனை ஒன்றும், மணிக்கோபுரத்தோடு கூடிய செப வீடும் எழுந்தன. மணி ஒலிக்கும்போதெல்லாம் வேலை செய்தவர்களும் விளையாடியவர்களும் ஒரு கணம் நின்று இறைவனை நினைத்தார்கள்.

பணத்துக்காக ஏமி யாரிடமும் கையேந்தவில்லை. கடன் வாங்குவதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார். 1919ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை அறிவித்தது. அவர் தயங்கினார். பிறர் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டாலும் விழாவுக்குச் செல்லவில்லை.

வழக்கும் கேள்வியும்

யாருடைய குழந்தையை யார், எந்தச் சமயத்தில் வளர்ப்பது? இக்கேள்வி டோனாவூரின் வாசலில் எப்போதும் நின்றது. முத்தம்மாள் என்ற சிறுமியின் வழக்கு அதற்குச் சான்று. அவளைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1911ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்படைக்கும் முன்பே சிறுமி வீட்டிலிருந்து மறைந்துவிட்டாள். ஏமிக்கு வேண்டியவர்கள் சிலர் அவளை மாறுவேடத்தில் நாடு கடத்திச் சென்றுவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவள் மீண்டும் டோனாவூர்க் குடும்பத்தோடு சேர்ந்தாள். அங்கு வளர்ந்த ஓர் இளைஞரை மணந்தாள்.

இதைப் படிக்கும்போது என் மனம் இரண்டாகிறது. அச்சிறுமி திரும்பிப் போக அஞ்சினாள் என்பது ஒரு பக்கம். நீதிமன்றத் தீர்ப்பை மீறிக் குழந்தையை ஒளிப்பது முறையா என்பது மறுபக்கம். இன்று நம் நாட்டில் அப்படி ஒன்று நடந்தால் நாம் எந்தப் பக்கம் நிற்போம்?

வேறு குறைகளும் உண்டு. டோனாவூர் மிகவும் மூடிய உலகமாக இருந்தது. பிள்ளைகளின் பூர்வீகம் அவர்களுக்கே சொல்லப்படாமல் காக்கப்பட்டது. அது பாதுகாப்புக்காகத்தான் என்றாலும், தன் வேரைத் தெரிந்துகொள்ளும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. அங்கு வளர்ந்த எல்லாரும் அம்மாவின் நம்பிக்கையில் நிலைத்து நிற்கவுமில்லை. நம்பிக்கையைக் காட்டலாம், அதில் வாழ்ந்து காட்டலாம், ஆனால் ஊட்டிவிட முடியாது என்பதை டோனாவூரும் காட்டுகிறது.

அமைதி அறை

வாக்கர் 1912இல் காலமானார். பொன்னம்மாள் புற்றுநோயால் 1915இல் மறைந்தார். ஏமி தளராமல் நடந்தார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் மருந்தகத்துக்காகப் பார்த்திருந்த வீட்டுக்குச் சென்றபோது, அங்கே வெட்டியிருந்த குழியில் இருளில் விழுந்தார். கால் முறிந்தது. அதன் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் தம் அறையிலேயே, பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அந்நிலையிலும் பல நூல்களை எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த அறைக்கு வந்து அம்மாவிடம் பேசிச் சென்றார்கள். தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று அவர் எண்ணியிருந்த அருளாயி 1939இல் இறந்தது பேரிழப்பு. அதையும் தாங்கினார்.

1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், 83ஆம் வயதில் ஏமி இயற்கை எய்தினார். தம் கல்லறையில் கல் எதுவும் நாட்டக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள். அவர் வாழ்நாளில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பர்.

நமக்கு

நான் முதலாம் ஆண்டில் படித்தபோது, தீபாவளியை ஒட்டி, நண்பர்களோடு கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குச் சென்றேன். முறுக்குப் பொட்டலங்கள், விளையாட்டுகள், படங்கள் என்று மூன்று மணி நேரம் கழிந்தது. ஒரு சிறுமி என்னை அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். தமிழில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். மறுவாரம் வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்று சொல்லிப் பேருந்தில் ஏறினேன். போகவில்லை. அடுத்த ஆண்டு சென்றபோது அவள் அங்கே இல்லை. உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அக்கா என்ற சொல்லை நான் எளிதாக ஏற்றுக்கொண்டேன். அதற்குரிய கடமையை ஏற்கவில்லை. என் கால்களை யாரும் கட்டவில்லை, நான் விடவில்லை. டோனாவூர் அம்மாவின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது இந்தக் குற்ற உணர்வுதான். என் தாயார் ஷிப்டுக்குப் போன நாள்களில் என்னருகே பாட்டி இருந்தார். பாட்டி இல்லாத பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மாவின் சமயத்தை ஏற்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தேவார வகுப்பாயினும் ஞாயிறு பள்ளியாயினும், பிள்ளைகள் நாம் சொல்வதை மறந்துவிடுவார்கள். நாம் வந்தோமா, வரவில்லையா என்பதை மறக்கமாட்டார்கள். இரண்டாம் ஆண்டு முதல் நாங்கள் மூவர் சனிக்கிழமை தோறும் அந்த இல்லத்துக்குச் சென்று தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறோம். நாங்கள் மூவரும் விரைவில் பட்டம் பெற்று வெளியேறப் போகிறோம். அருகில் வாழும் முன்னாள் மாணவர்களும் இளைய உறுப்பினர்களும் இவ்வகுப்பைத் தொடர்ந்து நடத்த முன்வர வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் மட்டும் வருபவர்கள் வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் வருபவர்களே வேண்டும்.